எதிராளி கையில் என்ன சீட்டு? போக்கரில் என் முத்துகளைக் காலி செய்த தவறுகள்

நீடாமங்கலம் பக்கம் எங்கள் தெருத் திண்ணை ஒன்றில் ஞாயிறு மதியம் போக்கர் ஓடும். காசு கிடையாது, புளியமுத்துதான். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில் திறந்து விழும், இரண்டையும் சேர்த்து யாருக்கு நல்ல ஐந்து சீட்டோ அவருக்கு முத்து. ஆளுக்கு 200 முத்து, ஆடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போட்டுவிட வேண்டும், ஒன்றிரண்டு சிதறிக் கிடந்தால் வீட்டுக்கார அத்தை மறுவாரம் திண்ணையை ஈரமாக்கி வைத்துவிடுவார். 2025 ஆகஸ்ட்டில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் வந்த பிறகு, அதுவரை போனில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் நாலைந்து பேர் எங்களோடு உட்கார ஆரம்பித்தார்கள். என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் எதிராளி கையை ஊகிக்கிற இடம் வந்தால் பத்து வருஷத்துக்கு முன் நான் விழுந்த குழியிலேயே வரிசையாக விழுகிறார்கள், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அடுத்தவருக்குத் தெரியும்படி சீட்டைப் பிடிக்காதே, முறை வராமல் பேசாதே என்பதெல்லாம் இங்கே கிடையாது, அது தானாகப் புரியும்.

ஒரே ஒரு கையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்லணும், ஏனென்றால் இன்னும் எரிகிறது.

எங்கள் ஆட்டத்தில் ஒரு பெரியவர் உண்டு. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர், ஷட்டரை எத்தனை அடி தூக்கினால் எந்த ஆற்றில் எவ்வளவு போகும் என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவர். அன்றைக்கு முதல் ஆளாக அவர் ரெய்ஸ் செய்தார், அதாவது பந்தயத்தை ஏற்றினார். என் கையில் இரண்டு ராணி. நான் மேலே ஏற்றினேன், அவர் கூட வந்தார். உடனே எனக்குள் ஒரு தீர்ப்பு: ஏஸ் ராஜா. அவ்வளவுதான், அதற்கப்புறம் நான் யோசிக்கவே இல்லை.

நடுவில் முதல் மூன்று சீட்டு கிளாவர் ஜாக்கி, டைமன் ஏழு, இஸ்பேட் ரெண்டு. அவர் செக் (பந்தயம் போடாமல் விட்டார்), நான் பந்தயம், அவர் கால் (அதே அளவு போட்டுக் கூட வந்தார்). ஏஸ் ராஜாவை விட மனசு வரவில்லை போல என்று நினைத்தேன். நாலாவது ஆட்டின் மூணு. மறுபடி செக், பந்தயம், கால். பிடிவாதக்கார மனுஷன் என்று சிரித்துக்கொண்டேன். ஐந்தாவது கிளாவர் ரெண்டு. இந்த முறையும் செக் செய்தார், நான் பெரிதாகப் போட்டேன், அவர் மெதுவாக இருந்த முத்து மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். ஏஸ் ராஜா எதிலும் சேரவில்லை, அதனால் மிரட்டுகிறார், இதுதான் என் அறிவு. கூடப் போனேன். அவர் இரண்டு ஜாக்கியைத் திருப்பி வைத்தார். நடுவில் கிடந்ததோடு சேர்த்து மூன்று ஜாக்கி, இரண்டு ரெண்டு, என் ராணிகள் காலி.

முத்தை அள்ளிக்கொண்டே கேட்டார்: “ஏன் தம்பி, ரெண்டு தடவை நான் சும்மாவா கூட வந்தேன்?”

வேடிக்கை என்னவென்றால், முதலில் நான் நினைத்தது அப்படியொன்றும் முட்டாள்தனம் இல்லை. 52 சீட்டில் இரண்டை எடுக்க 1326 விதம் உண்டு. அதில் ஏஸ் ராஜா 16 விதமாக வரும், எந்த ஜோடியும் 6 விதம்தான். நிதானமாக ஆடுகிறவர் அந்த இடத்தில் இரண்டு ஏஸ், இரண்டு ராஜா, இரண்டு ஜாக்கி, இரண்டு பத்து, ஏஸ் ராஜா, இவற்றோடு வருவார் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 40, அதில் 16 ஏஸ் ராஜா. தனியாக எடுத்தால் அதுதான் பெரிய பங்கு. ஆனால் மீதி 24 இருக்கிறதே, அதை யார் பார்ப்பது?

நடுவில் ஜாக்கி விழுந்ததும் ஜாக்கி ஜோடி மூன்று விதமாகச் சுருங்கும். பிறகு ஒவ்வொரு பந்தயத்துக்கும் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்து, இந்தச் சீட்டோடு இவர் இதைச் செய்வாரா என்று கேட்டு அடித்துக்கொண்டே வரணும். நடுவில் கலர் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) சேர வழியில்லை, சீக்வன்ஸுக்கும் (வரிசையாக ஐந்து) வழியில்லை. ஒன்றிலும் சேராத ஏஸ் ராஜாவை வைத்துக்கொண்டு எந்தப் பெரியவர் இரண்டு முறை கால் செய்வார்? அந்த 16-ம் போச்சு. கடைசியில் மொத்தத்தையும் தள்ளியதும் பத்து ஜோடியும் போச்சு. மிச்சம் இரண்டு ஏஸ் 6, இரண்டு ராஜா 6, இரண்டு ஜாக்கி 3. அந்தப் பதினைந்தில் ஒன்றுகூட என் ராணிகளிடம் தோற்காது. சீட்டைக் கவிழ்த்துவிட்டு மோர் குடிக்கப் போயிருக்கலாம்.

ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் மனசு அதற்கு வக்கீலாகிவிடுகிறது. அவர் கால் செய்தாலும் அது சாட்சி, தள்ளினாலும் அது சாட்சி. போன ஞாயிறு ஒரு பையன், டிப்ளமா முடித்தவன், இதையே செய்தான், “அண்ணே, அவர்கிட்ட கண்டிப்பா கலர்தான்” என்று நல்ல மூன்று எட்டைக் கவிழ்த்தான். கேட்டால் முதல் சீட்டிலேயே தெரிந்துவிட்டதாம். முதல் சீட்டில் கடவுளுக்கே தெரியாதுடா.

தன் கையில் இருப்பதை எண்ணாமல் விடுவது

உங்களிடம் ஒரு ஏஸ் இருந்தால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி 6 விதத்திலிருந்து 3 ஆகிறது, ஏஸ் ராஜா 16-லிருந்து 12. நடுவில் இன்னொரு ஏஸ் விழுந்தால் ஏஸ் ஜோடிக்கு ஒரே விதம்தான். சின்னக் கணக்கு, ஆனால் பயந்து நடுங்குகிற நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

கலர் பயம்

நடுவில் மூன்று ஆட்டின் விழுந்தால் திண்ணையே அமைதியாகிவிடும். ஐந்து சீட்டும் விழுந்து அதில் மூன்று ஆட்டின், உங்கள் கையில் ஆட்டின் இல்லை என்றால், மீதி 45 சீட்டில் 10 ஆட்டின் இருக்கும். இரண்டிரண்டாக எடுத்தால் 990 விதம், இரண்டும் ஆட்டினாக வருவது 45. அதாவது கண்ணை மூடி எடுத்தால் 22-க்கு ஒன்று. அதற்காகத் தூங்கவும் கூடாது, நடுவில் இரண்டு ஆட்டின் கிடந்தபோதே பந்தயத்துக்குக் கூட வந்தவர் கண்ணை மூடி எடுத்த ஆள் இல்லை. அவர் ஏன் வந்தார் என்று யோசித்தால் அந்த 22 வேகமாகக் குறையும். ஆனால் வேறு எதற்கும் வந்திருக்கலாம் என்பதும் பட்டியலில் இருக்கணும்.

அவரும் நம்மைப் போலத்தான் ஆடுவார் என்று நினைப்பது

லஸ்கர் அய்யாவுக்குப் போட்ட பட்டியலை இந்தப் போன் பையன்களுக்குப் போட்டால் முத்து மிஞ்சாது. அதில் ஒருவன் ஒரே கலரில் எந்த இரண்டு சீட்டு வந்தாலும் விடமாட்டான், டைமன் ஒன்பது நாலு எல்லாம் அவனுக்குச் சொத்து. “இந்த இடத்தில் நாலோடு யார்டா வருவான்” என்று நான் நாலை அடித்துவிட்டு, அவன் அதே நாலைக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பட்டியல், அதுவும் அவர்கள் திருப்பிக் காட்டிய சீட்டிலிருந்து வரணும்.

உட்கார்ந்திருக்கும் இடம்

முதலில் பேசுகிறவர் ரெய்ஸும் கடைசியில் பேசுகிறவர் ரெய்ஸும் ஒன்று இல்லை. முதல் ஆள் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாமலே ஏற்றுகிறார்.

முகத்தைப் படிப்பது

பெரியவர் வெற்றிலை போட்டிருந்தார். ஒன்றும் தெரியவில்லை.

கவிழ்த்த பிறகு “என்ன வெச்சிருந்தீங்க?” என்று கேட்டு அதைக் கணக்கில் சேர்ப்பது

பாதிப் பேர் பொய் சொல்வார்கள். நானும் சொல்வேன்.