துவைக்கிற கல்லைக் கயிறு கட்டி இழுப்பது எப்படி

கிணற்றடியில் கிடக்கும் துவைக்கிற கல்லைக் கொல்லையின் இன்னொரு மூலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், அரை அடி கனம் உள்ள கருங்கல் என்றால் எடை ஏறத்தாழ 200 கிலோ வரும். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு, கைக்குக் கிடைத்த கயிற்றைக் கட்டி, மூச்சைப் பிடித்து இழுப்பார்கள். கல் அசையாது, யாருக்காவது இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆள் சேர்ப்பதற்கு முன்னால் உராய்வைக் குறையுங்கள். அதைக் குறைத்துவிட்டால் இரண்டு பேரே போதும்.

கணக்கு சின்னதுதான். தரையில் கிடக்கும் பொருளை நகர்த்த அதன் முழு எடையையும் தூக்க வேண்டியதில்லை, உராய்வை வென்றால் போதும். எடையில் எத்தனை பங்கு உராய்வாக எதிர்த்து நிற்கிறது என்பதுதான் உராய்வுக் குணகம். கெட்டி மண்ணில் கரடான கல்லுக்கு அதை 0.6 என்று எடுத்துக்கொண்டால், படுக்கைவாட்டில் இழுக்க 200 × 0.6, அதாவது 120 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். கல்லை ஒருக்களித்து நிறுத்தி அடிப்பரப்பைக் குறைத்தால் லேசாக நகரும் என்று சிலர் நினைப்பார்கள். கெட்டித் தரையில் அதனால் பெரிய லாபமில்லை. உராய்வு அழுத்தும் எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று பிரான்சில் அமோன்தோன் என்ற விஞ்ஞானி 1699இலேயே சொல்லிவிட்டார். ஈர மண்ணில் விஷயமே வேறு, அங்கே பரப்பு குறைந்தால் கல் புதையும், புதைந்த கல் மண்ணை உழுதுகொண்டுதான் வரும்.

இப்போது கயிற்றின் சாய்வு. கயிறு தரையோடு தரையாகப் போகாமல், கல்லின் முன்பக்கத்திலிருந்து இழுப்பவர் தோளை நோக்கி மேலேற வேண்டும். அப்போது இழுப்பில் ஒரு பகுதி கல்லைக் கொஞ்சம் தூக்குகிறது, தரையை அழுத்தும் எடை குறைகிறது, உராய்வும் குறைகிறது. அதே கல்லுக்கு 15 டிகிரி சாய்வில் 107 கிலோ, 30 டிகிரியில் 103, 45இல் 106, 60 டிகிரிக்குப் போனால் மறுபடி 118. ஆக 15க்கும் 45க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் சரி, அளந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கட்டிய இடத்திலிருந்து தோள் எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு கயிறு விட்டால் 30 டிகிரி வந்துவிடும். வழவழப்பான தரையில் குணகம் 0.3 அளவுக்கு இறங்கும்போது சாய்வால் கிடைக்கும் லாபம் மிஞ்சிப்போனால் நூற்றுக்கு நாலுதான். ஆனால் மண்ணில் இன்னொரு லாபம் இருக்கிறது, என் பார்வையில் அதுதான் பெரிது: கல்லின் முன்விளிம்பு மண்ணுக்குள் குத்தாமல் நிமிர்ந்தே வரும். மாறாக, பள்ளத்தில் நின்றுகொண்டு 15 டிகிரி கீழ்நோக்கி இழுத்தால் அதே கல் 148 கிலோ கேட்கும். பள்ளத்தில் நின்று இழுக்காதீர்கள்.

இழுப்பவரின் காலையும் யோசிக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவரின் செருப்புக்கும் தரைக்கும் குணகம் 0.6 என்றால், படுக்கைவாட்டில் அவர் 36 கிலோவுக்கு மேல் இழுக்கும்போது கால் வழுக்க ஆரம்பிக்கும், கையில் எவ்வளவு பலம் இருந்தாலும் சரி. கயிறு தோளுக்கு ஏறிப் போனால் அது கல்லை மேலே இழுக்கிற அதே நேரத்தில் அவரைக் கீழே அழுத்துகிறது, அந்த அழுத்தம் காலுக்குப் பிடிமானமாகிறது. எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், ஒரே கயிறு இரண்டு முனையிலும் நமக்கு உதவி செய்கிறது. ஆனால் நாலு பேரும் ஒரே கயிற்றில் வரிசையாக நின்றால், அந்தக் கீழ்நோக்கிய பாரம், ஏறத்தாழ 50 கிலோ, கல்லுக்குப் பக்கத்தில் நிற்பவர் தோள் ஒன்றிலேயே இறங்கும். கல்லின் இரண்டு பக்கத்திலும் தனித்தனிக் கயிறு கட்டி, ஒரு கயிற்றுக்கு இரண்டு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். கல்லைத் திருப்பவும் அதுதான் வசதி, ஒரு பக்கத்தார் நின்றுவிட்டால் அது தானாகத் திரும்பும்.

கிடக்கும் கல்லை அசைக்கத் தேவைப்படும் விசை, ஓடும் கல்லை ஓடவைக்கத் தேவைப்படுவதைவிட அதிகம். "ஏலேலோ ஐலசா" போட்டு இழுப்பதற்கு இதுவே காரணம்: ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் அந்த முதல் தடையைத் தாண்டவே முடியாது. வெடுக்கென்று இழுக்காமல், கயிற்றை முதலில் விறைப்பாக்கி, குரல் வந்ததும் சேர்ந்து பாரம் கொடுங்கள். அதே நேரத்தில் பின்னால் ஒருவர் கடப்பாரையால் நெம்பினால் கல் சட்டென்று விட்டுக்கொடுக்கும். நகர ஆரம்பித்ததும் நடுவில் நிற்காதீர்கள்.

இதெல்லாம் 120ஐ 103 ஆக்கும் வேலை. உண்மையான மாற்றம் கல்லுக்கு அடியில்தான் இருக்கிறது. ஐந்தடிக் கடப்பாரைக்கு நுனியிலிருந்து மூன்று அங்குலத்தில் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தால், கல்லின் ஒரு முனையைத் தூக்க ஆறு கிலோ அளவுக்கு அழுத்தினால் போதும். அப்படித் தூக்கி, கீழே இரண்டு நீளப் பலகை, அதன்மேல் குறுக்காக நாலைந்து ஜி.ஐ. பைப் துண்டுகள் வையுங்கள். சமதளத்தில் அதற்கப்புறம் ஒருவர் கையால் தள்ளலாம். பலகை இல்லாமல் மண்ணில் நேராகப் பைப்பை வைத்தால் அது அழுந்தி நின்றுவிடும். பைப் ஓரடி உருண்டால் கல் இரண்டடி போகும், அதனால் பின்னால் கழன்று வருவதை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே போக வேண்டும், கல் நின்ற பிறகு மட்டும். ஓடும்போது பைப்பை நேராக்கப் போனால் விரல் நசுங்கும்.

பைப் கிடைக்கவில்லையா, முன்விளிம்பை மேலே வளைத்த கனமான தகரத்தில் கல்லை ஏற்றி இழுங்கள். பாக்கு மட்டையில் குழந்தையை உட்காரவைத்து இழுப்பது போலத்தான். மணலாக இருந்தால் தண்ணீர் தெளியுங்கள். எகிப்தில் ஜெஹுதிஹோதெப் என்ற பழங்கால மாகாண ஆட்சியாளரின் கல்லறைச் சுவரில், பிரம்மாண்டச் சிலையைச் சறுக்குவண்டியில் இழுக்கும்போது அதன் முன்னால் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிற ஓவியம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் 2014இல் சோதித்துப் பார்த்ததில், சரியான ஈரத்தில் தேவைப்படும் இழுப்பு ஏறத்தாழப் பாதியானது, ஈரம் கூடிப்போனால் பலன் போய்விட்டது. காய்ந்த மணல் முன்னால் குவிந்து தடுக்கும்; ஈரமணல் அப்படிக் குவியாது.

கல் எங்கேயாவது சிக்கிக்கொண்டு, ஒரே ஆள்தான் இருக்கிறீர்கள் என்றால் ஒரு வழி உண்டு. கல்லிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கும் உறுதியான மரத்தில் கயிற்றை எவ்வளவு விறைப்பாக முடியுமோ அவ்வளவு விறைப்பாகக் கட்டுங்கள். பிறகு கயிற்றின் நடுவில் நின்று பக்கவாட்டில் தள்ளுங்கள். நடுப்பகுதி 25 சென்டிமீட்டர் விலகி நிற்கும்போது, நீங்கள் கொடுக்கும் 20 கிலோ தள்ளல் கயிற்றில் 200 கிலோ இழுப்பாக மாறியிருக்கும். ஆனால் கல் நகர்வது ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான், அப்புறம் மறுபடி கட்ட வேண்டும். நீளும் நைலான் கயிறு இதற்கு உதவாது, தள்ளியதெல்லாம் கயிறு நீள்வதிலேயே போய்விடும்.

நைலானில் ஆபத்தும் உண்டு. நீண்டு அறுந்தால் நுனி சாட்டையாகத் திரும்பி வரும், கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, நடுவில் ஒரு ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளாதீர்கள். கல்லின் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் சாக்கு மடித்து வையுங்கள், முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் வெகுவாகக் குறைகிறது என்பதால் கணக்குக்கு மேலேயே கனமான கயிறாக எடுங்கள்.

சரிவில் இறக்குவதாக இருந்தால் முன்னால் நிற்கவே வேண்டாம். மேலே உள்ள மரத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, தளர்முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கயிற்றுக்கும் மரத்துக்கும் குணகம் 0.3 என்றாலே ஒரு சுற்று இழுப்பை ஆறு மடங்குக்கு மேல் குறைக்கும், இரண்டு சுற்று 40 மடங்குக்கு மேல். ஒருவர் முட்டுக்கட்டையோடு பக்கவாட்டில் நடந்து வரட்டும், நிற்கும் ஒவ்வொரு முறையும் அவர் கல்லின் கீழ்ப்பக்கத்தில் கட்டையைச் செருகிய பிறகுதான் கயிற்றைத் தளர்த்த வேண்டும்.