அல்டிமீட்டர் கடிகாரத்தில் மழைக்குறி பார்ப்பது: நம் ஊர்க் கணக்கு

மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது குனோங் ஜெராய் மலை ஏறக் கிளம்பிவிட்டார்கள். கையில் அல்டிமீட்டர் கடிகாரம், அதாவது நிற்கும் இடத்தின் உயரத்தைக் காட்டும் கடிகாரம். காலை 11 மணிக்கு மேசையில் வைத்த கடிகாரம் மாலை 5 மணிக்கு அதே மேசையில் 30 மீட்டர் ஏறிவிட்டதாகக் காட்டுகிறதே, பழுதா என்று கேட்கிறார்கள். பழுதில்லை. மழைக்குறி பார்ப்பதற்கான பிடி அதில்தான் இருக்கிறது.

கடிகாரம் அளப்பது காற்றழுத்தத்தை மட்டும்தான்; உயரம் அதிலிருந்து போடும் கணக்கு. நம் தாழ்நிலத்தில் சுமார் 8.5 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறையும். ஆக, நீங்கள் அசையாமல் இருக்கும்போது உயரம் கூடினால் அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம்.

முதலில், அடிவாரத்திலேயே உயரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். வரைபடத்தில் உள்ள உயரத்தைப் போடுங்கள், ஜி.பி.எஸ். காட்டும் உயரத்தை நான் நம்புவதில்லை. ஜெராய் உச்சி 1,217 மீட்டர், அங்கே ஒருமுறை சரிபார்க்கலாம்.

அடுத்து, சென்சார் முறை. கார்மின் கடிகாரத்தில், நடக்கும்போது அல்டிமீட்டர், முகாமில் பேரோமீட்டர் (அழுத்தமானி) என்று கையாலேயே மாற்றுங்கள். தானியங்கி (ஆட்டோ) முறையில் விட்டால் ஏற்றம் எது, வானிலை எது என்று அதுவே குழம்பும். வானிலைக்கு மட்டும் என்றால் என் ஓட்டு கேசியோ புரோட்ரெக் கடிகாரத்துக்கு: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே அளந்து கிராஃப் போட்டு வைக்கும், சோலார் மாடல் என்றால் சார்ஜ் தொல்லையும் இல்லை.

சரி, இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம். கையேடுகள் குளிர்நாட்டு வானத்தை மனதில் வைத்து எழுதியவை. அங்கே மழைக்கு முன் அழுத்தம் மளமளவென்று சரியும். இங்கே காற்றழுத்தம் கடல் ஓதம்போல் நாளுக்கு இரண்டு முறை தானாக ஏறி இறங்கும். வெயில் மேல்வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை அது. சூரியன் உச்சிக்கு வருவதை 12 மணியாக வைக்கும் சூரியக் கணக்கில் 10 மணிக்கு உச்சம், 4 மணிக்குத் தாழ்வு, பகலிலும் இரவிலும். ஆனால் கெடாவில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1.15 வாக்கில். (1982 தொடக்கத்தில் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளியதும் இதற்கு ஒரு காரணம்.) அதனால் நம் கடிகாரத்தில் உச்சம் 11 தாண்டி, தாழ்வு 5 தாண்டி. இடையில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கும். மேசை 30 மீட்டர் ஏறிய கதை இதுதான்.

ஆகவே காலையையும் மாலையையும் ஒப்பிடாதீர்கள். இன்று மாலை 5 மணியை நேற்று மாலை 5 மணியோடு ஒப்பிடுங்கள். ஒரே இடம், ஒரே நேரம், சின்ன நோட்டில் ஒரு வரி போதும். 2 ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே நம் ஊருக்கு அது கவனிக்க வேண்டிய வித்தியாசம். சூன்டோ கடிகாரத்தின் புயல் அலாரம் 3 மணி நேரத்தில் 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால்தான் கத்தும்; நம் சாயங்கால இடிமழைக்கு அது வாய் திறப்பதற்குள் நனைந்துவிடுவீர்கள்.

இன்னொன்று. உட்கார்ந்து நாசி லெமாக் பிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், உயரம் திடீரென்று 10, 15 மீட்டர் இறங்குகிறது, கூடவே சில்லென்று காற்று. அழுத்தம் ஏறினால் வானம் தெளியும் என்று கையேடு சொல்லும். இங்கே அது பெரும்பாலும் இடிமேகத்திலிருந்து கொட்டிய குளிர்காற்று. மழை வாசலுக்கு வந்துவிட்டது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மேற்குக் கரையில் விடியற்காலையில் அடிக்கும் சுமாத்ரா காற்றுக்கும் இதே குறி. விடியலில் ரப்பர் பால்வெட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

பின்சேர்க்கை: மலை ஏறிக்கொண்டே மழைக்குறி பார்க்க முடியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முடியாது. ஓய்விடத்தில் உட்கார்ந்ததும் ஒருமுறை, எழும்போது ஒருமுறை பாருங்கள், வித்தியாசம்தான் வானிலை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம், இறங்குங்கள். அப்புறம், வியர்வை உப்பு சென்சார் துளையை அடைத்தால் எண் அப்படியே நின்றுவிடும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், ஊசியால் குத்தாதீர்கள்.