பிராடோவில வயர் ஒண்டும் வெளியில தெரியாம டாஷ் கமரா பூட்டுறது எப்பிடி

போன காலபோகத்துக்கு முதல் எங்கட பிராடோவில முன்னுக்கும் பின்னுக்குமா டாஷ் கமரா பூட்டினன். அதுக்குப் பிறகு கிளிநொச்சி, பரந்தன் பக்கம் தெரிஞ்ச ஆக்கள் கனபேர் வாகனத்தில ஏறி இருந்திட்டு "அண்ணை கமரா எங்க, வயரைக் காணேல்ல" எண்டு கேக்கினம். ஒவ்வொருத்தருக்கும் வட்ஸப்பில சொல்லுறதை விட இதில எழுதிவிட்டா எல்லாருக்கும் உதவும் எண்டுதான் எழுதுறன். மொன்ரேரோ, ஹரியர் எது வைச்சிருந்தாலும் முறை ஒண்டுதான், பியூஸ் பெட்டி இருக்கிற இடமும் பின்கதவும்தான் மாறும்.

இரவில புளியங்குளம் தாண்டி மாங்குளம் மட்டும் ஏ9 ரோட்டில ஓடின ஆக்களுக்கு ஏன் கமரா எண்டு விளங்கப்படுத்தத் தேவையில்ல. விதைப்பு முடிஞ்சா மாடுகளை வயல் பக்கம் விடேலாது, அதுகள் ரோட்டில வந்து படுத்திருக்கும், பின்னுக்கு ஒரு சிவப்பு லைற்றும் இல்லாம பெட்டி பூட்டின ரக்டர் முன்னுக்குப் போகும், அறுவடை நேரம் பாதி ரோட்டில நெல்லுக் காயும். ஏதும் நடந்தா பெரிய வாகனத்திலதான் பிழை எண்டு சனம் உடன முடிவெடுத்திடும், அந்த நேரம் வீடியோ கையில இருக்கோணும்.

அதை ஏன் ஒளிச்சுப் பூட்டோணும் எண்டா, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனா வாகனத்தை எங்கயோ ஒரு வெளியில விட்டிட்டு இரவிரவாக் கோயிலடியில நிக்கிறம். கண்ணாடியில கமராவும் தொங்கி வயரும் ஆடிக்கொண்டு நிண்டா கண்ணாடியை உடைக்கிறதுக்கு ஒருத்தனுக்கு அதுவே காணும்.

எந்தக் கமரா

கடைக்காரர் முதல்ல 4கே எண்டுதான் தொடங்குவினம். நீங்கள் முதல்ல கேக்கவேண்டியது உள்ளுக்கு லித்தியம் பற்றறியா, இல்லாட்டி பற்றறிக்குப் பதிலா சூடு தாங்கிற சூப்பர் கப்பாசிற்றரா எண்டதை. சோளகக் காத்து அடிக்கிற ஆடி ஆவணி வெய்யிலில கண்ணாடி பூட்டி நிக்கிற வாகனத்துக்குள்ள என்ன சூடு எண்டு தெரியும்தானே, லித்தியம் பற்றறி அந்தச் சூட்டில ஊதி கமராவின்ர முதுகையே பிளந்துபோடும். 70மாய் ஏ800எஸ் படம் நல்லம், ஆனா உள்ள லித்தியம், அதாலதான் நான் எடுக்கேல்ல. வியோஃபோ ஏ229 புரோவில சூப்பர் கப்பாசிற்றர், சோனியின்ர ஸ்ரார்விஸ் 2 சென்சர், முன்னுக்கு 4கே. இருட்டில எதிர் லைற் அடிக்கேக்கயும் நம்பர் பிளேற் வாசிக்கலாம் எண்டா அந்த சென்சர்தான் காரணம், 4கே எண்ட எழுத்தில்ல. காசு பத்தாட்டி அதே கொம்பனியின்ர ஏ119 மினி 2 போதும், முன்னுக்கு மட்டும்தான், ஆனா சின்னன், நடுக் கண்ணாடிக்குப் பின்னால வடிவா ஒளியும்.

வீடியோ பதியிற மெமரி கார்ட்டில மிச்சம் பிடிக்காதேங்கோ. ஹை என்டியூரன்ஸ் (திரும்பத் திரும்ப எழுதி அழிக்கிறதைத் தாங்கிறது) எண்டு போட்டிருக்கிறதை மட்டும் வாங்குங்கோ. முன் பின் ரெண்டும் சேத்து செக்கனுக்கு 45 மெகாபிற் ஓடினா ஒரு மணித்தியாலத்துக்கு 20 ஜிபி கிட்டப் போகும், 128 ஜிபி கார்ட் 6 மணித்தியாலத்தில சுத்தி வந்து பழசை அழிக்கத் தொடங்கிடும். கிளிநொச்சியில இருந்து கொழும்பு போய்ச் சேர அது காணாது, அதால 256. போலிக் கார்ட்டும் கனக்க வருது, பூட்ட முதல் கொம்பியூட்டரில எச்2டெஸ்ட்டபிள்யூ எண்ட மென்பொருளால ஒருக்கா சோதிச்சுப் பாருங்கோ.

சாமான்

ட்ரிம் (உள்பக்கப் பிளாஸ்ரிக் கவர்) கிளப்புற பிளாஸ்ரிக் கம்பி ஒரு செற், மல்ரிமீற்றர், கமராவை நேர பியூஸ் பெட்டியில கொழுவுறதுக்கு மூண்டு வயர் வாற ஹார்ட்வயர் கிற், பியூஸ் இருக்கிற இடத்தில செருகி அதில இருந்து ஒரு வயர் எடுக்கிற பியூஸ் ராப் ரெண்டு, துணி ரேப். ஸ்குரூ ட்ரைவரால ட்ரிம்மைக் கிளப்பாதேங்கோ, தோல் வைச்ச பனலில ஒரு கீறு விழுந்தா ஆயுசுக்கும் கண்ணில படும். கறுத்த பிளாஸ்ரிக் ரேப்பும் வேண்டாம், வெய்யிலுக்குப் பசை உருகி ஒழுகும்.

ஒட்டுறது

நடுக் கண்ணாடிக்குப் பின்னால, இடப்பக்கமா, வைப்பர் துடைக்கிற இடத்துக்குள்ள. வாகனத்தின்ர சொந்தக் கமராவோ மழை சென்சரோ அங்க இருந்தா அதின்ர பார்வையை மறைக்காதேங்கோ. கறுத்தப் புள்ளி இருக்கிற இடத்தில ஒட்டினா பிடிக்காது. ஸ்பிரிட்டால துடைச்சு, காயவிட்டு, கமராவோட வாற மெல்லிய பிளாஸ்ரிக் தாளை முதல்ல ஒட்டி, அதுக்கு மேல கமரா. ஒட்ட முதல் போனில படத்தைப் பாத்து கோணம் சரியா எண்டு பாருங்கோ. பேந்து திரையை 1 நிமிசத்தில அணையவும், லைற்றும் குரலும் வராமலும் செற்றிங்கில போட்டுவிடுங்கோ, இரவில வெளியில நிண்டு பாத்தா ஒண்டும் மினுங்கக்கூடாது.

வயர், எயார்பாக்

வேலை தொடங்க முதல் பற்றறியின்ர நெகற்றிவ்வைக் கழட்டிப்போட்டு ஆகக் குறைஞ்சது 90 செக்கன் விடுங்கோ. மேல கூரைத் துணிக்குள்ள வயரை விரலால தள்ளினா போகும். கண்ணாடி ஓரத் தூணில எஸ்ஆர்எஸ் எயார்பாக் எண்டு எழுதியிருக்கும், அதுக்குள்ள மடிச்சு வைச்ச எயார்பாக் இருக்கு. சில ஆக்கள் கவரைக் கழட்டாம வயரை இடுக்கால தள்ளிவிடுவினம், வயர் எயார்பாக்குக்கு முன்னால வந்திடும், விரியிற நேரம் அது தடுக்கும், இல்லாட்டி வயர் முகத்துக்கு வரும். தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ, உள்ளுக்கு இருக்கிறது உங்கட பிள்ளையள். கதவு ரப்பரை இழுத்து, கவரைக் கழட்டி, எயார்பாக்குக்குப் பின்னால கொம்பனி வயரோட சேத்துக் கட்டிக் கீழ இறக்குங்கோ. கவரின்ர கிளிப் உடைஞ்சா புதுசு வாங்கிப் போடுங்கோ, பசை வைச்சு ஒட்டுற வேலை வேண்டாம்.

வயர் முழுக்கத் துணி ரேப் சுத்துங்கோ. ஒட்டுசுட்டான் பக்கம் உள் கிரவல் ரோட்டில இறங்கினா சுத்தாத வயர் பிளாஸ்ரிக்கில அடிச்சு டிக் டிக் எண்டு சத்தம் போடும், பிராடோ மாதிரி அமைதியான வாகனத்துக்குள்ள அது தலையிடி.

பியூஸ்: ஆறுதலாச் செய்யவேண்டிய இடம்

இனிப் பற்றறியைத் திருப்பிக் கொழுவுங்கோ, மீற்றர் பிடிக்கோணும். மஞ்சள் வயருக்கு எப்பவும் கறன்ற் இருக்கிற பியூஸ், சிவப்புக்குத் திறப்புப் போட்டா மட்டும் வாறது, கறுப்பு வாகனத்தின்ர பொடியில இருக்கிற போல்ற்றுக்கு, பெயின்ற் இல்லாத இரும்பா இருக்கோணும். சிவப்புக்கு சிகரெட் லைற்றர் பியூஸ் நல்லம். எயார்பாக், ஏபிஎஸ், எஞ்சின் கொம்பியூட்டர் பியூஸுகளில கையே வைக்காதேங்கோ. எப்பவும் கறன்ற் எண்டு நினைக்கிறது சிலது கதவைப் பூட்டிக் கொஞ்ச நேரத்தில தூங்கிடும், அதால அரை மணித்தியாலம் விட்டு இன்னொருக்கா மீற்றர் பிடியுங்கோ.

கனபேர் மாட்டுப்படுறது பியூஸ் ராப்பின்ர திசையில. பியூஸைக் கழட்டினா ரெண்டு ஓட்டை தெரியும், ஒண்டில பற்றறியில இருந்து 12 வோல்ற் வரும், மற்றது சாமானுக்குப் போறது. ராப்பில வயர் இல்லாத பக்கத்துக் கால் அந்த 12 வோல்ற் ஓட்டைக்குள்ள போகோணும். மாறிக் கொழுவினாலும் கமரா வேலை செய்யும், அதுதான் ஆபத்து, ஆருக்கும் தெரியவராது, கமராவின்ர கறன்ற்றும் பழைய பியூஸுக்குள்ளாலயே போகும். சோதிக்க லேசான வழி: பழைய பியூஸைப் போடாம, 5 அம்பியருக்கு மேல போகாத புதுப் பியூஸை மட்டும் ராப்பில போட்டு வயர் நுனியில மீற்றரை வையுங்கோ. 12 வோல்ற் காட்டினா சரி, ஒண்டும் காட்டாட்டி ராப்பைத் திருப்பிக் கொழுவுங்கோ. சிவப்பைச் சோதிக்கேக்க திறப்பைப் போட்டுத்தான் பாக்கோணும். பியூஸின்ர அளவும் பாத்து வாங்குங்கோ, மினி எண்டு சொல்லி அதை விடக் கட்டையான லோ புரொஃபைல் பியூஸ் இடத்தில இடிச்சு ஏத்தினா பெட்டியே விரிஞ்சுபோகும்.

கிற்றில கட் ஓஃப் வோல்ற் (வாகனம் நிக்கேக்க பற்றறி இந்த அளவுக்கு இறங்கினா கமரா அணையும்) கேட்டா 12.4 வையுங்கோ. 12.0 வைச்சா கமரா கூட நேரம் நிக்கும்தான், ஆனா பற்றறியில கால்வாசிதான் மிச்சம், நெடுங்கேணியில இரவு வாகனம் எடுபடாட்டி ஆரைக் கூப்பிடுறது?

பின் கமரா: எங்கட பிராடோவின்ர பின்கதவு மேல தூக்கிற கதவில்ல, பக்கவாட்டில திறக்கிறது. அதால வயர் பிணைச்சல் பக்க ரப்பர் குழாய்க்குள்ளால போகோணும், கதவை முழுக்கத் திறந்து வைச்சுக்கொண்டு நீளம் அளவுங்கோ. கூரை ஓரத்தில எயார்பாக் இருக்கிறதால நான் கதவுப்படிக்குக் கீழால கொண்டுபோனன், அதுக்குக் கூட நீளமான வயர் வேணும்.

கடைசியா, அடி குலுக்கத்தை அறியிற ஜி சென்சரைக் குறைவா வையுங்கோ. கிரவலில ஒவ்வொரு கிடங்குக்கும் அது விபத்து எண்டு நினைச்சு வீடியோவை அழியாமப் பூட்டி வைக்கும், கார்ட் நிரம்பிடும். நேர வலயம் 5:30 தானா எண்டும் பாருங்கோ, பொலிசுக்குக் குடுக்கேக்க மணி பிழையெண்டா வீடியோவையே சந்தேகப்படுவினம்.

பிறகு சேத்தது: மன்னாரில இருந்து ஒரு தம்பி, பூட்டினாப்பிறகு ரேடியோ இரையுது, ரிமோட்டும் கிட்டப் போனாத்தான் வேலை செய்யுது எண்டு எழுதியிருந்தார். ஹார்ட்வயர் கிற்றின்ர சின்னக் கறுத்தப் பெட்டிதான் காரணம், அதை ரேடியோவுக்கும் அன்ரெனா வயருக்கும் கிட்டக் கட்டக்கூடாது. கீழ, கால் பக்கமா இறக்கிக் கட்டி, வயரில இரைச்சலைக் குறைக்கிற ஒரு ஃபெரைற் வளையம் போடச் சொன்னன், இப்ப இரைச்சல் இல்லையாம். ஜிபிஎஸ் பிடிக்கேல்ல எண்டு கேட்ட மற்ற ஆக்கள் கண்ணாடியில உலோக ரின்ற் ஒட்டியிருக்கோ எண்டு பாருங்கோ, அப்பிடியெண்டா ஜிபிஎஸ் துண்டை ரின்ற் இல்லாத இடத்துக்கு மாத்தோணும்.