மூன்று நாள் சைக்கிள், ஓட்டம்: முதல் நாளே செய்துவிடும் தவறுகள்

நீண்ட வார இறுதியில் சைக்கிளும் ஓட்டமுமாகக் கிராமப்புறத்தைச் சுற்றக் கிளம்புகிறவர்களை மூன்றாம் நாள் காலையில் பார்க்க வேண்டும். படியிறங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியாகக் காலை வைப்பார்கள். அதற்கான வேலை முதல் நாள் காலையிலேயே நடந்து முடிந்திருக்கும்.

பழக்கமில்லாத உழைப்பால் வரும் தசைவலி அன்றைக்கே தலைகாட்டாது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகும். வெள்ளிக்கிழமை உற்சாகத்தில் ஓடியதற்கு ஞாயிற்றுக்கிழமை கால் பதில் சொல்லும். அதிலும் ஏற்றத்தைவிட இறக்கம்தான் தொடையை அதிகம் பதம் பார்க்கும். இறங்கி ஓடும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. நார்களில் நுண்ணிய சேதம் வருவது அப்போதுதான். மூச்சு வாங்காததால் நமக்கு அது உறைப்பதில்லை. முதல் நாள் இறக்கத்தில் அடியைச் சுருக்கி, வேகத்தை அடக்கி ஓடினால் போதும், மிச்ச இரண்டு நாளும் தப்பிக்கும்.

சைக்கிள்காரர்களுக்கு ஒரு தெம்பு உண்டு: 'நூறு கிலோமீட்டர் மிதிக்கிறேன், பத்து கிலோமீட்டர் ஓட மாட்டேனா?' ஓடிவிடுவார்கள், சிக்கலே அதுதான். இதயமும் நுரையீரலும் தயாராக இருப்பதால் தடுக்க ஆளில்லை. ஆனால் சைக்கிளில் எடையைச் சீட் சுமக்கிறது. ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல் 2, 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். எனவே ஓட்டத்தின் தூரத்தை ஓட்டப் பழக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வரிசையிலும் கோட்டை விடுகிறார்கள். நீண்ட சைக்கிள் பயணம் முடிந்த கையோடு காட்டுப் பாதையில் ஓடினால், கால் நம்முடையது போலவே இருக்காது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான் வீரர்கள் இந்த மாற்றத்துக்கென்றே தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். களைத்த காலுடன் வேரும் கல்லும் கிடக்கும் பாதையில் ஓடினால் கணுக்கால் பிசகத்தான் செய்யும். என்னைக் கேட்டால், ஓட்டத்தைக் காலையில் கால் தெளிவாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். நீண்ட மிதிப்பை இரண்டாம் நாளுக்கு வைக்கலாம்.

அடுத்து சீட். இரவல் சைக்கிளோ வாடகைச் சைக்கிளோ, கிடைத்த உயரத்திலேயே ஏறிப் போய்விடுகிறோம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடிந்திருக்கும், அதுதான் சரியான அளவு. சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும்; உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும், இடுப்பும் இரண்டு பக்கமும் ஆடும். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதும் முழங்காலுக்கு ஆகாது. கியரைக் குறைத்து, நிமிடத்துக்கு 80 சுற்றை ஒட்டி மிதிப்பது நல்லது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: பேடு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. அதன் தையல் உராய்ந்தே தோல் புண்ணாகிவிடும்.

பஞ்சர் ஆனால் பலர் புது ட்யூபை மாட்டிவிட்டுக் கிளம்புவார்கள். சிறிது தூரத்தில் மறுபடி காற்று இறங்கும், ஏனென்றால் முள் டயரிலேயே இருக்கிறது. பழைய ட்யூபில் கொஞ்சம் காற்றடித்து, ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். டயரில் அதே தூரத்தில், உள்பக்கமாக விரலை மெதுவாக நகர்த்தினால் நெருடும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள் தேட வேண்டாம்: காற்று குறைவாக இருந்து, கல்லிலோ குழியிலோ மோதியபோது ட்யூப் டயருக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கியிருக்கிறது. மெல்லிய பிரெஸ்டாவா, கார் டயரில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடரா என்று வால்வின் வகையைப் பார்த்து, பம்ப் பொருந்துகிறதா என்பதை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

போய்த் திரும்பும் பாதையென்றால் போகும்போது எதிர்காற்று இருக்கட்டும். களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளும். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும் பக்கமாக ஓட வேண்டும். சைக்கிளை வண்டிகள் போகும் திசையிலேயே ஓட்ட வேண்டும். வளைவில் சரளைக்கல் கிடக்கலாம், பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டில் நடக்கும் பெரிய தவறு, பசிக்கட்டும் என்று காத்திருப்பது. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் உழைப்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் இருப்பது சுமார் 25 கிராம்தான். தசையில் சேமித்த சர்க்கரை காலியாகிவிட்டால், நன்றாகச் சாப்பிட்டாலும் அது நிரம்ப ஒரு நாள் ஆகலாம். முதல் நாள் மாலை சாலட்டோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு இரண்டாம் நாள் ஏற்றத்தில் கால் எழும்பாது.

தண்ணீரில் பலர் எதிர்த்திசையில் தவறுகிறார்கள். தாகமே இல்லாமல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடம் இது அதிகம் தெரிந்தது. தாகத்துக்குக் குடித்தால் போதும். வெயிலில் வெகுநேரம் என்றால் உப்பும் சேரட்டும்.

வலியை முன்கூட்டியே அடக்க ஐபுபுரோஃபென் போட்டுக்கொண்டு கிளம்புவது வேண்டவே வேண்டாம். நீர்ச்சத்து குறையும் நீண்ட உழைப்பின்போது அது சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை.

மூன்றாம் நாள் காலையில் எழுந்ததும் வலி எங்கே என்று பாருங்கள். இரண்டு தொடையும் ஒரே மாதிரி மந்தமாக வலித்தால், சமதளத்தில் பேசிக்கொண்டே மெதுவாகச் சைக்கிள் மிதிக்கலாம், கால் இளகும். ஒரே காலில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் குத்தினால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. தசை வீங்கி, சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.