பார்வைக்கும் பேச்சுக்கும் டப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009இல் முடிந்த போரில் கண்ணையும் கைகால்களையும் இழந்தவர்கள் வன்னியில் பலர். வெளிநாட்டுச் சொந்தங்கள் டப் (தொடுதிரைக் கைக்கணினி) வாங்கி அனுப்புகிறார்கள். நல்ல விடயம். ஆனால் பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்ததோடு நாங்கள் நின்றுவிடுகிறோம்.

பார்வையற்றவருக்கு அன்ட்ரொயிட் டப் என்றால், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டோக்பேக்கை இயக்குவதோடு தமிழ்க் குரலையும் முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள். சிக்னல் இழுபறிப்படும் ஊரில் போயிருந்து தரவிறக்கப் பார்த்தால் பொழுது போய்விடும். டோக்பேக் ஓடும்போது ஒருதரம் தொட்டால் வாசிக்கும், இருதரம் தட்டினால்தான் திறக்கும். திரையை மேலே கீழே நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இது தெரியாத வீட்டுக்காரர் “டப் பழுதாப் போச்சு” என்று டோக்பேக்கை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் வீட்டில் இன்னொருவருக்கும் பழக்கிவிடுங்கள்.

எனக்கு அதிகம் மனம் நோகிற இடம் பாமினி எழுத்துரு. பள்ளிக்கூடக் குறிப்புகள் இன்னும் அதில் தட்டச்சாகி வருகின்றன. கண்ணுக்குத் தெரிவது ‘அம்மா’. உள்ளே கிடப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். டோக்பேக் உள்ளே கிடப்பதைத்தான் வாசிக்கும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அதைக் கேட்டு என்ன செய்யும்? எல்லாக் கருவியும் தமிழாகவே எடுக்கும் யுனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆசிரியர்களே, தயவுசெய்து மாற்றி அனுப்புங்கள்.

பேச்சு வராத பிள்ளைகளுக்குப் படத்தைத் தொட்டால் பேசும் செயலிகள் உண்டு. இந்தியாவில் செய்த செயலி ‘வலிக்குது’ என்று சொல்லும்; எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த சொல் ‘நோகுது’. சொல்லை மாற்றுங்கள். முடிந்தால் அதே வயதுப் பிள்ளையின் குரலில் பதியுங்கள். சாப்பாடு, தண்ணி, கக்கூஸ் என்று வைத்துவிட்டு ‘வேண்டாம்’ என்பதை மறந்துவிடுகிறார்கள். அதுவும் கட்டாயம் வேண்டும். அப்புறம், குழப்படி செய்தது என்று டப்பைப் பறித்து வைக்காதீர்கள். அது பிள்ளையின் வாயைப் பொத்துகிற வேலை.

கை நடுங்குபவர்களுக்கு, எவ்வளவு நேரம் அழுத்தினால் தொடுதலாக எடுக்க வேண்டும் என்பதைச் சில டப்களின் அமைப்புகளில் கூட்டிவிடலாம்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் சார்ஜில் உள்ள டப்பை மடியில் வைத்திருக்கக் கூடாது. கால் சூட்டை உணராது. தோல் வெந்த பிறகுதான் தெரியவரும். சில்லுக் கதிரையில் பூட்டும் தாங்கி வாங்க வசதியில்லையா, ஊர்த் தச்சரிடம் சொன்னால் பலகையில் ஒரு சட்டம் அடித்துத் தருவார்.