ஜீவனாம்ச பாக்கி: ஓராண்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள்

குழந்தைக்கு மாதந்தோறும் தர வேண்டுமென்று நீதிமன்றம் உத்தரவிட்ட ஜீவனாம்சம் நின்றுபோனால், இன்று வரும், நாளை வரும் என்று காத்திருக்கும் தாய்மார்கள் முதலில் கவனிக்க வேண்டியது காலக்கெடுவைத்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு தாக்கல் செய்தால்தான் நீதிமன்றம் வாரண்ட் பிறப்பிக்க முடியும்.

விசாரணை நாளன்று உத்தரவின் சான்றிட்ட நகல், வங்கிக் கணக்கு விவரம், எந்த மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு நின்றது என்று ஒரே தாளில் எழுதிய கணக்கு ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். ரொக்கமாகக் கைக்கு வந்த சிறு தொகையையும் மறைக்காமல் எழுதுங்கள். எதிர்த்தரப்பு அதை எடுத்துக்காட்டினால் முழுக் கணக்கின் மீதும் சந்தேகம் விழும்.

போதிய காரணமின்றித் தராதவருக்கு ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆனால் சிறை சென்றதால் பாக்கி தீர்ந்துவிடாது என்று 1988-இல் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவச உதவி உண்டு.