டீம் வெளியே போன பிறகு: முதல் ராத்திரியிலிருந்து பேனர் இறக்கும் வரை

உலகக் கோப்பைக் கால்பந்தில் நீங்கள் கொண்டாடுகிற டீம் தோற்று வெளியே போகிற ஆட்டத்தில், கடைசி விசில் ஊதியதும் டிவியை அணைத்துவிடுங்கள். அழுகிற ஆட்டக்காரர்களைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் விடிகிற வரை தூக்கம் வராது. அடுத்தது போன். வாட்ஸ்அப் குரூப்பை 8 மணி நேரம் மியூட் செய்தால் போதும், குரூப்பை விட்டே போய்விடாதீர்கள். விட்டுப் போனால் அட்மினுக்குத் தெரியும். அட்மின் எதிர் டீம் ஆள் என்றால் விடிவதற்குள் ஏரியாவுக்கே தெரிந்துவிடும்.

பிரியாணி பந்தயத்தில் தோற்றிருந்தால் மறுநாளே வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடியுங்கள். தள்ளிப்போட்டால் கிண்டல் வட்டியோடு ஏறும். வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் அந்த வட்டி அடுத்த உலகக் கோப்பை வரை நாலு வருஷம் ஓடும்.

சோகம் என்று நாம் நினைப்பதில் பாதி தூக்கக் கடன். அமெரிக்கக் கண்டத்தில் போட்டி நடந்தால் நமக்குப் பெரும்பாலும் நள்ளிரவிலிருந்து காலை வரைதான் ஆட்டம். மூன்று வாரம் அப்படி விழித்தவர் ஒரே பகலில் தூங்கித் தீர்க்கப் பார்ப்பார். அன்று ராத்திரி மறுபடியும் 3 மணி வரை கண் மூடாது. அதற்குப் பதில், எவ்வளவு லேட்டாகப் படுத்தாலும் காலை 7 மணிக்கு எழுந்து அரை மணி நேரம் மொட்டை மாடி வெயிலில் நில்லுங்கள். மதியம் 20 நிமிஷம் மட்டும் கண் அசரலாம். கடைசி டீ 3 மணிக்கு. படுக்கும் நேரத்தைத் தினமும் ஒரு மணி முன்னால் இழுத்தால் நாலைந்து நாளில் சரியாகும். அதுவரை டர்ஃப் மைதானத்தில் இறங்கி ஆவேசமாக ஓட வேண்டாம். தூக்கமில்லாத உடம்பில் தொடை பின்தசை சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாம் நாளுக்கு மேல் அந்த ஆட்டத்தையே மறுபடி பாருங்கள். பலர் இதைத் தவிர்ப்பார்கள். அதனால்தான் ரெஃப்ரியைத் திட்டிக்கொண்டே வருஷத்தைக் கடத்துகிறார்கள். சத்தத்தை அணைத்துவிடுங்கள், வர்ணனையாளர் குரல் ஏறினால் பழைய கோபமும் கூடவே ஏறும். ஒரு தாளில் 15 நிமிஷத்துக்கு ஒரு கட்டமாக ஆறு கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டே விஷயம்: நம் ஆள் பந்தை எந்த இடத்தில் இழந்தார், அந்த நொடியில் பந்துக்குப் பின்னால் நம்மவர் எத்தனை பேர். கோல் விழுந்தால் விழுந்த இடத்தில் நிறுத்தாமல் 20 விநாடி பின்னால் போய்ப் பாருங்கள். தப்பு பெரும்பாலும் அங்கே இருக்கும், கோல்கீப்பர் கையில் இருக்காது.

2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நேரம் 1.30-க்கு ஆரம்பம், மணி 2 ஆவதற்குள் ஐந்து கோல். 23-ஆம் நிமிஷத்திலிருந்து 29-க்குள் மட்டும் நாலு. பிரேசிலின் நட்சத்திர ஆட்டக்காரர் நெய்மார் காயத்தால் இல்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். ஆனால் தடுப்பைக் கட்டிவைத்திருந்த தியாகோ சில்வாவும் மஞ்சள் அட்டைத் தடையில் வெளியே இருந்தார். தாளில் எழுதிப் பார்த்தால் ஓட்டை எந்தப் பக்கம் என்று தெரியும். 2022 காலிறுதியில் பிரேசில் குரோஷியாவிடம் தோற்றது வேறு வகை. கூடுதல் நேரத்தில் முன்னிலை, ஆட்டம் முடிய சில நிமிஷம்தான் பாக்கி. அப்போதும் கோல் தேடி மேலே ஏறிப்போய், 117-ஆம் நிமிஷத்தில் எதிர்த்தாக்குதலில் கோல் வாங்கினார்கள். பெனால்டியில் நெய்மாருக்கு முறையே வரவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் இப்படிக் காரணம் மாறும்.

இந்திய அணியின் தோல்விக்கு இந்தத் தாள் மட்டும் பத்தாது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், வாங்கியது ஆறு கோல், போட்டது பூஜ்யம். 2025 அக்டோபரில் சிங்கப்பூரிடம் சொந்த மண்ணில் முதல் கோலைப் போட்டும் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பையும் விட்டார்கள். ஒரு ஆட்டத்தைப் பார்த்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. அதற்கு உள்ளூர் மைதானத்தில் பத்து வயசுப் பசங்களுக்கு வாரத்தில் எத்தனை ஆட்டம் கிடைக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

இனி டீமுக்காகத் தெருவில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு இறக்குங்கள். மதியம் கடல்காற்று வந்துவிட்டால் ஃப்ளெக்ஸ் பாய்மரம் மாதிரி இழுக்கும். மூன்று பேராவது வேண்டும்: மேல் மூலைக்கு ஒருவர் வீதம் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக விட, கீழே ஒருவர் வாங்க வேண்டும். கயிற்றை அறுத்தால் சவுக்குக் கம்போடு தலைமேல் விழும். கம்பம் ஈபி லைனுக்குப் பக்கத்தில் இருந்தால் நீங்கள் தொடாதீர்கள், ஈபி ஆளைக் கூப்பிடுங்கள். மழை ஈரத்தில் எதற்குமே ஏறாதீர்கள். கோபத்தில் கொளுத்துவதும் வேண்டாம். ஃப்ளெக்ஸ் பிவிசி, எரிந்தால் வரும் அமிலப் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும்.

வைத்துக்கொள்வதானால் துடைத்துக் காயவைத்து, படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டுங்கள். மடித்தால் மடிப்பில் மை வெடிக்கும். அடுத்த கோப்பைக்குள் அதில் இருக்கிற பாதிப் பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள். அதனால் புதுசு அடிக்கும்போது ஆள் படத்தை விட்டுவிட்டு, கொடி, சின்னம், தெருப் பெயர் மட்டும் போடச் சொல்லுங்கள். ஓரத்தில் பசங்களின் பாஸ்போர்ட் போட்டோ வரிசை வேண்டும் என்று அடம்பிடித்தால் அதைத் தனித் துண்டாக அடித்துக் கீழே கட்டலாம்.